பத்துக்கு 9.4

ஆறுமுகம்: வா செல்வி, வா. மொதல்ல ஜாங்கிரி எடுத்துக்கோ. ரிப்போர்ட்டு வந்துட்சி. பத்துக்கு ஒம்போது பாயிண்ட் நாலு!

செல்வி (வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கும் சுகாதார ஊழியர்): அதான் தெரு முனையிலேர்ந்து ஆளுக்கொரு ஜாங்கிரியோட நிக்கிறாங்களா?

ஆறுமுகம்: பின்ன? ஹார்பர்ல முப்பது வருசம் மூட்டை தூக்குனவன். பள்ளிக்கூடத்துல பத்துக்கு மூணு தாண்டுனதில்ல. இப்பதான் கெலிச்சிக்கீறேன்.

செல்வி: காட்டு. ண்ணா, இது மார்க்கு இல்ல. ஹெச்பிஏ1சி, மூணு மாச சக்கரக் கணக்கு. இதுல கம்மியா வாங்குனவன்தான் பாஸு. ஆறரை வந்தாலே சக்கர வியாதி. டாக்டரு உன்னிய ஏழுக்குள்ள கொண்டாரச் சொன்னாரு.

ஆறுமுகம்: அப்ப நானு ஃபெயிலா?

செல்வி: ஃபெயிலானதுக்கு ஜாங்கிரி குடுத்த மொத ஆளு நீதாண்ணா.

ஆறுமுகம்: தோ பாரு, மேல வெறும் வயித்துல 118 போட்டுக்கீது. 126க்குக் கீழ இருக்கணும்னு நீதான சொன்ன?

செல்வி: அந்த 118 எப்டி வந்துச்சின்னு நான் சொல்லட்டா? டெஸ்ட்டுக்கு முன்னாடி மூணு நாளு சோத்தத் தொடல. வெள்ளரிப்பிஞ்சும் மோரும். மாசம் பூரா போடாத மாத்திரைய மொத்தமா முழுங்கிக்கீற.

ஆறுமுகம்: (பெருமையாக) ரெண்டு ரெண்டா.

செல்வி: சோறு துன்னாம ரெண்டு ரெண்டா போட்டு, சக்கர 70க்குக் கீழ எறங்கியிருந்தா? கை நடுங்கி, குப்புன்னு வேர்த்து, கண்ணு இருட்டிக்கினு நடு ரோட்ல உழுந்திருப்ப.

ஆறுமுகம்: வேர்த்துச்சே! கொழுப்பு கரையுதுன்னு நெனச்சேன்.

செல்வி: நல்லா கரைஞ்சுச்சி. இங்க கேளு. ரத்தத்துல செவப்பணுன்னு கீது, அதுக்கு ஏறக்குறைய 120 நாளு ஆயுசு. ஒடம்புல ஓடற சக்கர அதுமேல ஒட்டிக்கும், பாதில போவாது. தண்டல்காரன் நோட்டு மாதிரி. கடைசி மூணு நாளு நீ யோக்கியனா இருந்தா பழைய பாக்கி அழிஞ்சிடுமா? 9.4ன்னா மூணு மாசமா சராசரி 220 தாண்டி ஓடிக்கீதுன்னு அர்த்தம். பீச் டேசனாண்ட நின்னு அத்தோன்னு பர்மா நூடுல்ஸு துன்ன பாரு, அதுவும் இதுல கீது.

ஆறுமுகம்: மெய்யாலுமே சொல்றேன், சக்கரைய நான் தொடறதே இல்ல. டீயில நாட்டுச்சக்கரதான்.

செல்வி: ரத்தத்துக்கு எந்த நாடுன்னு தெரியாதுண்ணா.

ஆறுமுகம்: வெல்லம்?

செல்வி: அதுக்கும் தெரியாது.

ஆறுமுகம்: தேனு? மலைத்தேனு?

செல்வி: மலையும் தெரியாது.

ஆறுமுகம்: சரி, கேவுரு கூழு? அதுல ஒரு சொட்டு இனிப்பு கெடையாது.

செல்வி: அதுவும் உள்ள போனா சக்கரதான். ஒரு சொம்பு குடிக்கறவனுக்கு நல்லது. நீ குண்டானோட குடிக்கிற.

ஆறுமுகம்: ஆனா நாட்டுச்சக்கர…

(இதற்குப் பிறகு பேச்சு நாட்டுச்சர்க்கரையைச் சுற்றியே வந்தது. அதை அப்படியே எழுதினால் உங்களுக்கு எரிச்சல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு வந்தது. வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே இனிப்பில் மிதக்கிற ஆட்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு.)

செல்வி: அது கெடக்கட்டும். கால்ல இன்னாது, துணி சுத்தி வச்சிக்கீற?

ஆறுமுகம்: பவுர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வெறுங்கால்ல நடந்தேன். உச்சி வெயிலு. தார் ரோட்டுல அத்தினி பேரும் துள்றான். எனுக்கு மட்டும் சுடவே இல்ல! ஆத்தா அருளு.

செல்வி: துணிய அவுறு. ஐயோ! இம்மாம் பெரிய கொப்புளம் ஒடைஞ்சி சீழ் வச்சிக்கீது, வலிக்கல?

ஆறுமுகம்: துளி வலி இல்ல. அதான் சொல்றேனே, அருளு.

செல்வி: ஆத்தா மேல பழி போடாத. நரம்பு மரத்துப் போச்சிண்ணா. சுட்டாலும் தெரியாது, ஆணி குத்துனாலும் தெரியாது. இப்டி ஒரு புண்ண வுட்டுட்டுத்தான் வெரலு எடுக்கறாங்க, காலு எடுக்கறாங்க. தெனம் ராத்திரி பாதத்தப் பாரு. வூட்டுக்குள்ளயும் செருப்பு போடு. கண்ணு டெஸ்ட்டும் யூரின் டெஸ்ட்டும் வருசத்துக்கு ஒருதபா எடுக்கணும்னு போன வருசமே சொன்னேன்.

ஆறுமுகம்: எல்லாம் ஆக்கிப் போடறவளச் சொல்லணும். அவ அளவா வச்சா நான் ஏன் அளவில்லாம துன்றேன்?

செல்வி: அண்ணியக் கூப்புடாத, மாத்திரை அட்டைய எடு. இன்னா, பாதி அட்டையக் காணோம்?

ஆறுமுகம்: அவளுக்குக் குடுத்தேன். ராத்திரில நாலு தபா பாத்ரூமுக்கு எழுந்துக்கறா, சொம்பு சொம்பா தண்ணி குடிக்கறா. பாவமா இருந்துச்சி.

செல்வி: அண்ணிக்கு டெஸ்ட்டு எடுத்தியா?

ஆறுமுகம்: அவளுக்கு இன்னா டெஸ்ட்டு? அவ நல்லாத்தான கீறா.

செல்வி: நல்லா கீறவங்களுக்கு எதுக்குண்ணா மாத்திரை? 2021லேர்ந்து வூட்டாண்டயே வந்து பாக்கறோம், காசு வாங்காமயே பாக்கறோம். நான் வர்றப்பல்லாம் அண்ணி எங்க? லாரித் தண்ணிக்கு நிக்குது. இல்லாட்டி ரேஷன்ல நிக்குது. உன் சக்கரைக்கு நானு, நர்சு, டாக்டரு, லேப்புன்னு ஒரு கூட்டமே அலையறோம். அண்ணி வெரல ஒருத்தரும் புடிச்சதில்ல. அண்ணி! அந்தக் கரண்டிய வச்சிட்டு இங்க வா. சாப்ட்டு எம்மா நேரம் ஆச்சி?

(ரெண்டு மணி நேரம் என்று உள்ளிருந்து சைகை. ஊசி, ஒரு சொட்டு, மெஷினில் 284.)

ஆறுமுகம்: அடிப்பாவி, எனுக்கு மேல! நான் மிச்சம் வக்கிறதத்தான துன்றா?

செல்வி: நீ வெள்ளரிப்பிஞ்சு துன்ன மூணு நாளும் சோத்துப் பானைய யாரு காலி பண்ணாங்க?

ஆறுமுகம்: வீணாவக் கூடாதுன்னு… அவதான்.

செல்வி: அண்ணி, நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்துடு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, டாக்டரு சொன்னாத்தான் மாத்திரை. அண்ணாவும் வரும், புண்ணக் காட்டணும். ஓபி சீட்டு வாங்க அண்ணாதான் வரிசைல நிக்கும்.

ஆறுமுகம்: ரெண்டு பேரும் போயிட்டா காலைல எனுக்கு நாஷ்டா யாரு ஆக்குவா?

செல்வி: செருப்பு போட்டுக்கினு வா.