எனக்கு முதல் குதிரை ரெட் ரம்தான்

செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையை முதலிடத்தில் வைக்காதவன் ரேஸ் ரசிகனே இல்லை என்று நேற்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லிவிட்டார். மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி ராத்திரியாகப் பழைய குதிரைப் பந்தய வீடியோக்களைப் பார்ப்பவன் நான். இதுவரை எந்தக் குதிரை மேலும் ஒரு ரூபாய் கட்டியதில்லை. குதிரை ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். எனவே அவருக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

செக்ரட்டேரியட்டின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். 1973 ஜூன் 9, நியூயார்க்கில் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் என்ற பந்தயம், ஒன்றரை மைல். பாதி தூரம் ஷாம் என்ற குதிரை ஒட்டிக்கொண்டே வந்தது. அப்புறம் அது தளர்ந்துபோக, இது மட்டும் தனியாக ஓடியது. கடைசியில் 31 குதிரை நீள இடைவெளி, 2 நிமிடம் 24 விநாடி. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை எந்தக் குதிரையும் தொடவில்லை. அன்றைக்கு ஜெயித்த சீட்டுகளில் 5,617 சீட்டுகளுக்கு யாரும் பணமே வாங்கவில்லை. இரண்டு டாலர் கட்டினால் இருபது சென்ட் லாபம் கிடைக்கும். அதைவிடச் சீட்டே பெரிது என்று வைத்துக்கொண்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அதற்குச் சரியாக 70 நாள் முன்னால், மார்ச் 31 அன்று, இங்கிலாந்தில் ரெட் ரம் என்ற குதிரை ஜெயித்தது. என் மனசு அங்கேதான் நிற்கிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் ரேக்ளா பந்தயம் பார்க்க அப்பா கூட்டிப்போவார். மாட்டு வண்டி ஓடி முடிந்து குதிரை வண்டி வரும்போதுதான் எனக்கு மூச்சே நிற்கும். ஒரு வருடம் மறுநாள் காலையில் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு முன்னால் கடலில் ஒரு செம்பழுப்புக் குதிரை நின்றது. முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே வீங்கியிருந்தது. ஒவ்வொரு அலை வரும்போதும் அந்தக் காலை மட்டும் தூக்கிக்கொள்ளும். அலை போனதும் மணலை லேசாகத் தொட்டுப் பார்த்து ஊன்றும். குதிரைக்காரர் கயிற்றை இழுக்கவே இல்லை. அதன் கழுத்தில் கை வைத்தபடி இடுப்பளவு தண்ணீரில் அவரும் நின்றார். “உப்புத்தண்ணி வீக்கத்தை இழுத்துடும் தம்பி” என்றார். கால் மணி நேரம் கழித்து அது காலைத் தூக்குவதை விட்டுவிட்டது.

ரெட் ரம்மின் கதையைப் பல வருடம் கழித்துப் படித்தபோது அந்தக் கடற்கரைக் காலைப்பொழுதுதான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற கடற்கரை ஊரில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவர் ஜிஞ்சர் மெக்கெய்ன். கார்க் கடைக்குப் பின்னால்தான் லாயம். டாக்சி ஓட்டிய காலத்தில் அவர் வண்டியில் ஏறி இறங்கிப் பழகிய நோயல் லெ மேர் என்ற முதியவருக்காக 6,000 கினி (இங்கிலாந்தின் பழைய பணக் கணக்கு) கொடுத்து ரெட் ரம்மை வாங்கினார். பார்த்தால் குதிரை நொண்டுகிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பிலேயே நோய். வேறொருவராக இருந்தால் தள்ளிவிட்டிருப்பார். இவர் தினமும் கடல் தண்ணீரில் நடத்தினார், ஈர மணலில் ஓட்டினார். கால் தேறியது.

அந்தக் காலோடுதான் தடை தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயம். நாலரை மைல், 30 தடைகள். 1973-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப் என்ற பெரிய குதிரை கடைசித் தடையைத் தாண்டும்போது 15 நீளம் முன்னால் இருந்தது. மீதி 450 மீட்டர்தான். அங்கே கிறிஸ்ப்பின் கால்கள் தள்ளாட ஆரம்பித்தன. ரெட் ரம் வெற்றிக் கம்பத்துக்குச் சற்று முன்னால்தான் அதைப் பிடித்தது. முக்கால் நீளத்தில் ஜெயித்தது.

திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றி ஓட்டும் பந்தயம் இது; கிறிஸ்ப் சுமந்தது ரெட் ரம்மைவிடப் பத்து கிலோவுக்கும் அதிகம், அதனால்தான் தோற்றது என்பார்கள். உண்மைதான். அதே வருடம் டான்காஸ்டர் மைதானத்தில் சம எடையில் ஓடியபோது கிறிஸ்ப்தான் ஜெயித்தது. நான் மறைக்கவில்லை. ஆனால் 1974-ல் கிறிஸ்ப் சுமந்த அதே 76 கிலோவை ரெட் ரம் சுமந்தது, மறுபடியும் ஜெயித்தது. 1975-லும் 1976-லும் இரண்டாவது இடம். சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1977-ல் 12 வயதில் வந்து 25 நீளத்தில் ஜெயித்தது. அதே தடைகளை ஐந்து வருடம் ஒருமுறைகூட விழாமல் தாண்டிய குதிரை அது. இரண்டரை நிமிட அற்புதத்தைவிட இந்த ஐந்து வருடம் எனக்குப் பெரிது. 1995-ல் செத்தபோது கிராண்ட் நேஷனல் ஓடும் மைதானத்திலேயே, வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

இரண்டாவது இடம் செக்ரட்டேரியட்டுக்கு, மனப்பூர்வமாக. மூன்றாவது, 1930-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை ஜெயித்த பார் லாப். நான்காவதை கிறிஸ்ப்புக்குத் தருகிறேன், தோற்ற அந்த ஒரு பந்தயத்துக்காகவே.