ஊசியில் நூல் கோக்க முடியாதவள் பி.ஏ. படித்த கதை

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒருவர் அந்தப் பழைய செய்தியை எனக்கு மறுபடியும் அனுப்பியிருந்தார். பீகாரில் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2017இல், நூறை நெருங்கும் வயதில் பொருளியல் முதுகலைப் பட்டம் வாங்கிய ராஜ்குமார் வைஷ்யா பற்றிய செய்தி. அதன் கீழே மூன்று கைகூப்பிய படங்கள், “வயது வெறும் எண்தான் அக்கா” என்று ஒரு வரி.

அந்தப் பெரியவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த வரியின் மீது கிடையாது. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தவர். நான் தைத்துக்கொண்டும், மாவாட்டிக்கொண்டும், மாமியாரைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டும் படித்தவள். வயது வெறும் எண் என்று நம்பித்தான் சேர்ந்தேன். அது கண்ணில் இருக்கிறது, விரலில் இருக்கிறது, எல்லாவற்றையும்விடக் கூச்சத்தில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 1995இல் பிளஸ் டூ முடித்தேன், அடுத்த தை மாதம் கல்யாணம். 2019 ஜூலையில், 42 வயதில், இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வீட்டிலிருந்தே படிக்கும் பி.ஏ. சேர்ந்தேன். அதே ஆண்டுதான் என் மகன் பொறியியல் கல்லூரிக்குப் போனான். “இந்த வயதில் படித்துக் கலெக்டர் ஆகப் போகிறாயா?” என்று மதினி கேட்டார். கலெக்டர் ஆகும் வயது வரம்பைத் தாண்டிவிட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரித்துவிட்டு அவருடைய ரவிக்கைக்கு அளவெடுத்தேன்.

முதல் இரண்டு மாதம் புத்தகத்தை எடுத்தால் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. நெற்றிப்பொட்டு வலிக்கும், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூளை துருப்பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். இரவில் அழுததும் உண்டு. கடையில் உதவிக்கு இருக்கும் பெண் ஒருநாள், “அக்கா, ஒரு வருடமாக ஊசியில் நூல் கோக்க என்னைத்தானே கூப்பிடுகிறீர்கள், கண்ணைக் காட்டினீர்களா?” என்று கேட்டாள். வெள்ளெழுத்து! நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குமே, அந்தச் சாதாரண வெள்ளெழுத்து. கண்ணாடி போட்ட மறுநாள் ஒன்றரை மணி நேரம் ஒரே இருப்பில் படித்தேன். ஆகவே நாற்பதுக்கு மேல் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை: தன்னம்பிக்கைப் பேச்சு கேட்பதற்கு முன்னால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது கை. இருபத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் அளவு நோட்டும்தான். மார்பு 36, இடுப்பு 30, கை நீளம் 9. இதை எழுதிப் பழகிய கையை மூன்று மணி நேரத் தேர்வில் கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன ஆகும்? ஒன்றரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துவிட்டது. விடை நன்றாகத் தெரிந்திருந்தும் 20 மதிப்பெண் வினா ஒன்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். பக்கத்தில் இருந்த பையன் மூன்றாவது முறையாக அடிஷனல் ஷீட் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. அவன் கை நேற்றுவரை பள்ளியில் எழுதிக்கொண்டிருந்த கை, அவ்வளவுதான்.

அன்று முதல் தினமும் கடிகாரத்தை எதிரில் வைத்து ஒரு பக்கம். பிறகு இரண்டு, நான்கு. என்ன எழுதுகிறோம் என்பதுகூட முக்கியமில்லை, மனத்தில் இருக்கும் பாடத்தை எழுதினால் போதும். இக்னோவில் ஒப்படைப்புகளை, அதாவது வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்ட்களை, கையால்தான் எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அதைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது கைக்கு வைத்தியமாக இருந்தது. மதிப்பெண்ணிலும் அவை 30 விழுக்காடு. தேர்வுக்கு 70. அந்த முப்பதைக் கடைக்காரரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு அறையில் அவர்கள் கை வலிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. நான் சேர்ந்த பொதுப் பி.ஏ.வுக்கு 132 கிரெடிட். பெருக்கினால் 3,960 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்கவேண்டுமென்றால் தீபாவளி, பொங்கல், காய்ச்சல், வளைகாப்பு எதுவும் பார்க்காமல் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஆடி போய் ஆவணி வந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை கேட்டு வரிசையில் நிற்பார்கள். ஆனால் அதே பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுவரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது சோம்பேறிகளுக்கான சலுகை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, மூன்றாண்டு என்பது சாதத்தை வேறொருவர் வடித்துக் கொடுப்பவர்களுக்கான கணக்கு. நான் ஐந்தரை ஆண்டு எடுத்துக்கொண்டேன். ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடம், சில பருவம் ஒன்று. என்னோடு சேர்ந்தவர்களில் எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதப் போனவர்கள் பலர் இரண்டாம் ஆண்டுக்கு வரவே இல்லை.

அதிகாலை நாலு மணிக்கு எழு என்று சொல்லாதவர் இல்லை. எழுந்தேன், புத்தகத்தின் மேல் தூங்கினேன். எனக்குக் கிடைத்த நல்ல நேரம் மதியம் இரண்டு முதல் நாலு. எங்கள் ஊர் வெயிலில் அப்போது ஒருவரும் கடைக்கு வரமாட்டார்கள். யாருக்கு எந்த நேரம் என்பதை அவரவர்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும்.

படிவங்களைப் பற்றி ஒன்று. இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்க வீணானது என் தவறால். கட்டணம் கட்டிப் பதிவு செய்தாயிற்று, தேர்வு தானாக வரும் என்று இருந்துவிட்டேன். தேர்வுக்குத் தனியாக ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்கவேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி, ஒப்படைப்புக்கு வேறு தேதி, அடுத்த ஆண்டுக்கான மறுபதிவுக்கு இன்னொரு தேதி. எல்லாம் கையேட்டில் அச்சாகித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் தேடிப் போய் அசடு வழிந்து நின்றேன்.

ஏன் கேட்கவில்லை? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. வெட்கம். இவ்வளவு வயதாகி இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். இணையதளத்தில் படிவத்தை நிரப்ப மகனிடம் கேட்டிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. மகனிடம் கேட்கவா என்று இருந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் அடுத்த அறையில் அவன் அதே நோயோடு உட்கார்ந்திருந்தான். முதல் பருவத்திலேயே கணிதத்தில் அரியர். எட்டு மாதம் எங்களிடம் மறைத்தான். பிளஸ் டூவில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். வகுப்பில் அறுபது பேர் முன்னால் கையைத் தூக்கிப் “புரியவில்லை சார்” என்று சொல்ல முடியாமல், பாடம் ஒவ்வொன்றாக மேலே குவிந்துவிட்டது. பதினெட்டு வயதுக்காரன் கூடப்படிப்பவர்கள் முன் வெட்கப்படுகிறான், நாற்பத்திரண்டு வயதுக்காரி பதினெட்டு வயதுக்காரன் முன் வெட்கப்படுகிறாள். ஐந்தரை ஆண்டில் நான் பார்த்தவரையில், கெட்டிக்காரர்கள் படிப்பை விட்டிருக்கிறார்கள், சுமாரானவர்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே குணம், “எனக்கு இது தெரியவில்லை, சொல்லித் தாருங்கள்” என்று முகம் சிவக்காமல் கேட்கத் தெரிந்ததுதான். சிவந்தாலும் கேட்டுவிட்டார்கள் என்பது இன்னும் சரி.

அரியர் விஷயம் வெளியே வந்த இரவு நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் தமிழ்வழியில் படித்தவள், என் பாடநூல்கள் ஆங்கிலம். அவன் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் பொருள் சொல்லவேண்டும். பதிலுக்கு நான் அவன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கவேண்டும். எனக்கு வகைக்கெழுச் சமன்பாடு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும், “இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?” என்று கேட்க என்ன தெரிந்திருக்கவேண்டும்? நோட்டைப் பார்க்காமல் அவன் சொல்லவேண்டும். முதல் வாரம் திணறினான், அந்தப் பருவ முடிவில் அரியர் போனது.

பிறகு என் மகனே இதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது என்று தேடிக் காட்டினான். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 விழுக்காடு, மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்குமே, அந்த ஐந்து நிமிடத் தெம்புதான் நம்மை ஏமாற்றுகிறது.

வயதானவர்களுக்கு அனுபவம் கைகொடுக்கும் என்பார்கள். பாதி உண்மை. பொருளியலில் தேவையின் நெகிழ்ச்சி என்று ஒரு பாடம், விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்பது. சின்னப் பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது என் கடை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ரவிக்கைக் கூலியில் இருபது ரூபாய் ஏற்றினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆடியில் ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். படித்த நிமிடத்தில் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் ஒப்படைப்பில் ஆடியையும் தீபாவளியையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வரையறையை எழுத மறந்துவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில், “சுவையாக இருக்கிறது. விடை எங்கே?” என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முதலில் அவர்கள் கேட்டதை எழுதவேண்டும், நம் கதை அதற்குப் பிறகு.

சேர நினைப்பவர்கள் இன்பாக்ஸில் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில். தொலைநிலையில் எந்தப் பட்டம் படித்தாலும், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியர் படிப்பெல்லாம் தபாலில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, தமிழ்நாட்டு அரசு வேலை மனத்தில் இருந்தால் பத்து, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசை கட்டாயம். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அங்கே செல்லாது. 2009இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அரசாணையும் வந்துவிட்டன. பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு வாருங்கள். காலம் கூடும், பரவாயில்லை.

கடைசி இரண்டு ஆண்டு நான் படித்தது பெரும்பாலும் மாவட்ட மைய நூலகத்தில். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே காலையிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் என்னை நூலகப் பணியாளர் என்று நினைத்து ஒரு பையன் நாளிதழ் எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு, “தம்பி, இந்தப் பத்திக்கு என்ன அர்த்தம்?” என்று என் புத்தகத்தை நீட்டினேன். மரத்தடியில் டீ குடிக்கும் அவர்கள் கூட்டத்தில் அடுத்த வாரமே சேர்த்துக்கொண்டார்கள். முகலாயர் வருவாய் முறையை எனக்குப் புரியவைத்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் கல்யாண ரவிக்கைக்கு நான் கூலி வாங்கவில்லை.

2024 டிசம்பரில் கடைசித் தாளை எழுதினேன். மதினி இப்போது தன் மகளுக்கு எந்தப் படிப்பு நல்லது என்று என்னிடம் கேட்கிறார். சொல்கிறேன், ரவிக்கையும் தைத்துத் தருகிறேன்.

என் பாடநூல்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கடையில் இருக்கின்றன. ஓரங்களில் தமிழில் பொருள் எழுதியிருக்கிறேன், சில இடங்களில் தப்பாகவும் எழுதியிருப்பேன். பாளையங்கோட்டைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொருளியல் முதல் நூல் மட்டும் இல்லை. கடையில் எனக்கு நூல் கோத்துக் கொடுக்கும் பெண் எடுத்துக்கொண்டாள்.