என் டம்ளரில் தண்ணீர் ஊற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

விஸ்கியில் தண்ணீர் ஊற்றுகிறவனைக் கண்டால், கோவில் பிரகாரத்தில் செருப்போடு நடந்தவனைப் பார்ப்பதுபோல் முகம் சுளிக்கும் ஒரு கூட்டம் இப்போது கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒருவர் வீதம் கிளம்பியிருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் சொந்தபந்தம் கூடும்போது ஒரு பெக், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொள்ளும் என்னைப்போன்ற ஆட்களை இவர்கள் நிம்மதியாக உட்காரவே விடுவதில்லை. காசு என்னுடையது, தொண்டை என்னுடையது, மறுநாள் தலைவலி வந்தால் அதுவும் என்னுடையதுதான். ஆனால் எப்படிக் குடிக்க வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் இவர்கள் எழுதிக் கையில் வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டுத் தோட்டத்தில் அவள் பேத்திக்குக் காதுகுத்து. முந்தைய இரவு பெண்களும் குழந்தைகளும் படுத்த பிறகு, மோட்டார் ரூமுக்கு வெளியே கயிற்றுக்கட்டில்களைப் போட்டுக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்தோம். நான் என் காசில் வாங்கிவந்த ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, பாட்டில் ஒன்று, பள்ளிபாளையம் சிக்கன் ஒரு சட்டி, பெரிய செம்பு நிறையச் சிறுவாணித் தண்ணீர். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? அங்கேதான் பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கையின் மருமகன் வந்து சேர்ந்தார். வந்தவர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நானே ஊத்தறனுங்க மாமா” என்றார். மரியாதையாகச் சொல்கிறாரே என்று கொடுத்துவிட்டேன்.

பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். முதலில் மூடியைத் திறந்து மூடியை முகர்ந்தார். பிறகு பாட்டிலின் வாயை முகர்ந்தார். விரலளவு ஊற்றிவிட்டு, டம்ளருக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து, “கலர் பாருங்க மாமா, எப்படித் தேனாட்ட இருக்குது” என்று எல்லோரையும் குனிந்து பார்க்க வைத்தார். பிறகு டம்ளரைச் சுழற்றினார். உள்பக்கம் வழிந்து இறங்கும் கோடுகளைக் காட்டி அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பிறகு எங்கள் முறை. “மூக்க உள்ள விட்டு மோந்து பாருங்க. வாயத் தொறந்துக்கோங்க. என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க.” என் மச்சான் வெல்லம் மாதிரி இருக்கிறது என்றார். அது தவறு என்று சொல்லப்பட்டது. பெரியப்பா மகன் ஒன்றும் வரவில்லை என்றார். அதுவும் தவறு. என்னைக் கேட்டபோது சாராய வாசம் வருகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு அவர் தலையை ஆட்டிய விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, வாழையிலை மேல் எடுத்து வைத்த சிக்கனில் தேங்காய்ச் சில்லுகளைச் சுற்றி எண்ணெய் உறைந்து வெள்ளையாகத் திரண்டுவிட்டது. எனக்குப் பசி.

பொறுத்தது போதும் என்று செம்பை எடுத்து டம்ளர் பக்கம் சாய்த்தேன். மாப்பிள்ளை தன் உள்ளங்கையை விரித்து என் டம்ளரின் வாயை மூடினார். “ஏனுங்க மாமா, இத்தன நல்ல சரக்குல போயித் தண்ணி ஊத்தலாங்களா? ராவாத்தானுங்க சாப்பிடோணும். தண்ணி ஊத்துனா செத்துப் போயிருமுங்க.” சுற்றி இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டு மாப்பிள்ளை. அவரை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? “சரிங்க மாப்பிள்ளை” என்று செம்பைக் கீழே வைத்துவிட்டு ராவாக ஒரு மடக்கு விழுங்கினேன். வரமிளகாய் போட்டு வறுத்த கறியைத் தின்ற வாயில் தண்ணீர் கலக்காத விஸ்கி இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “இப்பத்தானுங்க ருசி தெரியுது” என்றார்.

அன்றைக்கு விழுங்கிய பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். விஸ்கியில் தண்ணீர் ஊற்றுகிற முதல் ஆள் நான் இல்லை. அதைத் தயாரிக்கிறவரே ஊற்றித்தான் அனுப்புகிறார். ஸ்காட்லாந்தில் புதுச் சாராயத்தைப் பெரும்பாலும் 63 சதவீதத்துக்குச் சற்று மேலான வீரியத்தில், அதாவது ஆல்கஹால் அளவில், ஓக் மரப் பீப்பாயில் நிரப்புகிறார்கள். வருடங்கள் கழித்து எடுத்து, பாட்டிலில் அடைக்கும் முன் தண்ணீர் சேர்த்துப் பெரும்பாலும் 40 அல்லது 43 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள். பீப்பாய் வீரியத்திலேயே அடைத்தது என்று எழுதி விற்கும் சில வகைகளைத் தவிர, கடையில் கிடைக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சாகாத சரக்கு, என் செம்புத் தண்ணீரில் மட்டும் செத்துப்போகுமா?

அதோடு நிற்கவில்லை. எந்தப் பீப்பாயை எதனோடு சேர்ப்பது என்று முகர்ந்தே முடிவெடுக்கும் கலவை வல்லுநர்கள், அந்தத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள், விஸ்கியைத் தண்ணீர் விட்டுச் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். சாராயத்தின் எரிச்சல் மூக்கை மரத்துப்போக வைக்காமல் மற்ற வாசங்கள் மேலே வர வேண்டும் என்பதற்காக. 40 சதவீத ஸ்காட்சில் சரிபாதி தண்ணீர் ஊற்றினால் வருவது எவ்வளவு? 20. நம் நாட்டு விஸ்கியின் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம், அதில் சரிபாதி ஊற்றினால் 21 சொச்சம். ‘ஒண்ணுக்கு ஒண்ணு’ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காலங்காலமாகக் கலந்த கணக்கு, அந்த வல்லுநர்களின் மேசையில் இருக்கிற அதே கணக்கு. பள்ளிக்கூடம் தாண்டாத என் பெரியப்பாவுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிப் பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் என்ற இருவர் இதையே கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்காட்சின் புகை வாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், சாராயத்தின் அளவு 45 சதவீதம் வரை இருக்கும்போது மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் சாராய மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ள உள்ளே அமுங்கிவிடுகிறது. தண்ணீர் கூடக்கூட அது மேலே வருகிறது, அதாவது மூக்குக்குப் பக்கத்தில் வருகிறது. தண்ணீர் ஊற்றினால் வாசம் போய்விடும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் இதை ஒருநாளாவது படித்திருக்க வேண்டாமா?

காரத்தின் கதையும் உண்டு. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் எந்த உணர்வாங்கியைத் தூண்டி எரிய வைக்கிறதோ, அதையே சாராயமும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகத்தான் செய்யும். ராவாகக் குடிக்கும் வழக்கம் எந்த ஊர்ச் சாப்பாட்டோடு, எந்த ஊர்க் குளிரில் வந்தது என்று யோசித்தால் போதும். ‘அறை வெப்பநிலையில் அருந்துக’ என்கிறார்களே, யார் வீட்டு அறை? சித்திரை மாதத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தச் சூட்டில் சாராய ஆவி முந்திக்கொண்டு வந்து மூக்கைத்தான் குத்தும். ஐஸ் வாசத்தை அடக்குகிறது என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அந்த வெக்கையில் இரண்டு கட்டி போடுகிறவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ஜப்பானியர்கள் விஸ்கியில் ஐஸும் தண்ணீரும் கலந்து, மிசுவாரி என்று பெயர் வைத்துச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். அவர்களை யாரும் கையால் டம்ளரை மூடித் தடுப்பதில்லை.

எனக்கு இன்னும் ஆற்றாமை எதில் என்றால், இவ்வளவு பேசுகிறவர்கள் பயன்படும்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடையில் பாட்டில்களுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். டார்ச் அடித்துக் காட்டினாரே அந்தத் தேன் நிறம், அதை நம்பி வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஸ்காட்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, ஆகவே நிறம் வயதைக் காட்டாது. லேபிளில் 12 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதிலேயே இளைய விஸ்கிக்கு 12 வயது என்று பொருள். எந்த எண்ணும் போடாத ஸ்காட்ச் என்றாலும் குறைந்தது 3 வருடம் பீப்பாயில் இருந்திருக்கும். பாட்டிலில் அடைத்த பிறகு அது ஒருநாள்கூட முதிர்வதில்லை, ஆகையால் பீரோவில் பூட்டி வைத்து விசேஷத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு லாபமும் கிடையாது. நம் நாட்டில் விலை மலிவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பகுதி சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸில் வடித்த சாராயம்; ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இதையெல்லாம் சொன்னால் நான்கு பேருக்கு உபயோகம்.

இன்னொன்று. பேச்சுவாக்கில் அம்ருத் விஸ்கியின் பெயரை எடுத்தேன். “நம்மூர்ச் சரக்குங்களா மாமா” என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் வேலை பார்க்கும் அதே பெங்களூரில் பார்லியில் வடித்து, 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் முதலில் விற்பனைக்கு வைத்த சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி, அது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது என்றால், பெங்களூர்ச் சூட்டில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. மரத்தோடு சேர்ந்து முதிரும் வேகமும் அங்கே அதிகம். அதனால்தான் அவர்களுடைய 12 வருடத்தையும் நம்முடைய 5 வருடத்தையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. இது தெரியாமல் உதட்டைப் பிதுக்குவது ரசனை ஆகாது.

என் ஒருவனோடு போயிருந்தால் இதை இத்தனை நீளத்துக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அன்றைக்கு அங்கே பெரியப்பா பேரன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்த பையன்கள். என் டம்ளர் மேல் அந்தக் கை விழுந்ததைப் பார்த்த பிறகு, அவர்கள் செம்பின் பக்கமே போகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ராவாகவே விழுங்கினார்கள். தண்ணீர் கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். தண்ணீர் கலந்து அரைமணி நேரம் கையில் வைத்திருக்க வேண்டிய பெக் இரண்டு மடக்கில் தீர்ந்தது, உடனே அடுத்தது. அவர்களில் ஒருவன் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தபோது நான் எழுந்து போய்ச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் தோட்டத்திலேயே படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் பெரிய மச்சான் வீட்டில் புதுமனைப் புகுவிழா. மாப்பிள்ளையும் வருகிறாராம். அன்றைக்குச் செம்பை அந்தப் பையன்களின் பக்கத்தில் நானே கொண்டுபோய் வைத்து, அவர்கள் டம்ளரில் நானே தண்ணீர் ஊற்றப் போகிறேன். அப்போது குறுக்கே ஒரு கை நீண்டால், தங்கை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இங்கே எழுதிய அத்தனையையும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.