லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலின் மொழி

லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் என்பது பைபிளின் நான்கு நற்செய்திகளும் அடங்கிய பழைய கையெழுத்துச் சுவடி. இது 8ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்று ஒருவர் பதிவிட்டிருந்தார். அது சரியல்ல; மூல நூல் லத்தீனில்தான் உள்ளது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஈட்ஃப்ரித் என்பவர் 700-ஐ ஒட்டி எழுதி, ஓவியமும் தீட்டியதாகக் கருதப்படுகிறது. ஆங்கிலம் அப்புறம் வந்தது. சுமார் 250 ஆண்டுகள் கழித்து, ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் வரிகளுக்கு இடையே பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினார்.

சந்தேகம் இருந்தால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தச் சுவடியின் படத்தை இணையத்தில் தேடி, மத்தேயு நற்செய்தியின் தொடக்கப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னல் வேலைப்பாட்டோடு பெரிய லத்தீன் எழுத்துகள், அவற்றுக்கு இடையே பொடி எழுத்தில் ஆங்கிலம். ‘லிபெர்’ என்ற சொல்லுக்கு ‘போக்’, அதாவது புத்தகம், என்று பொருள் எழுதியிருப்பார். அவ்வளவு அழகு! நூலின் கடைசியில் ஆல்ட்ரெட் தன் பெயரையும் ஈட்ஃப்ரித்தின் பெயரையும் குறித்தே வைத்திருக்கிறார்.