பன்னிரண்டாம் மாடியில் ஓர் இஸ்தோப்பு

ஹட்டன் நகரில் ஒரு தேநீர்க் கடை. மழை விட்டால் பஸ் ஏறலாம். மழைக்கு அப்படி ஓர் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. சுப்பையா மாமா தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். எதிரே அவருடைய அக்காள் மகன் கதிர், கொழும்பில் கணக்காளன். வைகாசியில் மாமாவின் மகளுக்கும் அவனுக்கும் கல்யாணம். வீடு தேடுகிறார்கள், தொலைபேசியில்.

மாமா: கண்ணாடி கொண்டுவரவில்லை மாப்பிள்ளை. நீயே வாசி.

கதிர்: "புத்துயிர் பெற்ற நகர மையத்தில், பேர வாவியைப் பார்த்தபடி, இரண்டு படுக்கையறைத் தொடர்மாடி வீடு." கொம்பனித்தெரு மாமா.

மாமா: கொம்பனித்தெருவா? 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மல்லுக்கட்டியது போதாதென்று, என் மகளைக் கம்பனியின் பெயரிலேயே இருக்கிற தெருவுக்கு அழைத்துப் போகிறாயா?

கதிர்: அது வேறு கம்பனி. ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் இருந்த இடம். இங்கிலீஷில் அதற்கு அடிமைத் தீவு என்றுதான் பெயர் இருந்தது. ஒல்லாந்தர் அடிமைகளை அங்கே வைத்திருந்தார்களாம்.

மாமா: இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறாயா?

(கதிர் அவசரமாக அடுத்த படத்துக்குப் போகிறான். மாமா ரொட்டியைப் பிட்டு, கட்டைச் சம்பலில் தோய்த்த விரலாலேயே திரையைத் தொடுகிறார். வாவி சிவந்துபோகிறது.)

மாமா: இந்தக் கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் தோளில் சாய்ந்து கிடக்கிறதே!

கதிர்: அது அல்டெயர். 68 மாடி. வேண்டுமென்றே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் பார்ப்பது அது இல்லை, அதற்குப் பின்னால் கூச்சப்பட்டு நிற்கிற சின்னது.

மாமா: நம் லயத்து வரிசை வீட்டின் சுவர் ஓர் அங்குலம் சாய்ந்ததற்கு, மண்சரிவு அபாயம் என்று எங்களைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அங்கே சாய்ந்தால் விலை கூடுகிறது.

கதிர்: கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011 இல் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளுமாக மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் காலாற நடக்கலாம்.

மாமா: தொண்ணூறுகளில் நானும் கோட்டையில் நடந்திருக்கிறேன். சோதனைச்சாவடிகளில் காட்டிக் காட்டி, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைக்க நேரம் இருக்காது, கையிலேயே பிடித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் சாப்பிட்டும் இருக்கிறேன், குடல்வால் எடுத்தபோது. கஞ்சி. காசு வாங்கவில்லை.

கதிர்: இப்போது அங்கே கஞ்சி கிடைத்தால் இரண்டாயிரம் கேட்பார்கள். அதோ, கடலுக்குள் தெரிவது துறைமுக நகரம். 269 ஹெக்டேயர், முழுவதும் கடலை நிரப்பி எடுத்த நிலம்.

மாமா: பேர்ச் கணக்கில் சொல்.

கதிர்: (கணக்குப் போடுகிறான்) ஒரு இலட்சத்து ஆறாயிரம் பேர்ச்சுக்கு மேல். குடும்பத்துக்கு 7 பேர்ச் என்றால் 15,000 குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

மாமா: 7 பேர்ச்சுக்காக நானும் தொழிற்சங்கத்துக்கு நடையாய் நடந்தேன். மலையில் இடமில்லை என்றார்கள். கடலில் கேட்க வேண்டும் என்று எவனும் சொல்லவில்லையே! சரி, வீட்டைக் காட்டு.

கதிர்: பன்னிரண்டாம் மாடி. நீளமான நடை. அதன் ஒரு பக்கம் வரிசையாகப் பத்து வீடுகள்.

மாமா: நடுச்சுவர்?

கதிர்: பொதுச்சுவர்.

மாமா: பக்கத்து வீட்டில் தும்மினால்?

கதிர்: கொஞ்சம் கேட்கும்.

மாமா: கூரை?

கதிர்: எல்லோருக்கும் பொது.

மாமா: வாசலில் விறகு அடுக்கக்கூடாது, கோழி வளர்க்கக்கூடாது, ஆள் வந்து தங்கினால் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். சரியா?

கதிர்: விதிமுறைகளை எங்கே வாசித்தீர்கள்?

மாமா: வாசிப்பானேன்? அதற்குள்தான் பிறந்தேன். லயத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, நகரம் புத்துயிர் பெற்றதாம்! வாசலில் உட்கார ஓர் இஸ்தோப்பாவது இருக்கிறதா?

கதிர்: இருக்கிறது. பல்கனி என்பார்கள். ஆனால் துணி காயப்போடக்கூடாது.

மாமா: பிறகு எதற்கு அது?

கதிர்: நின்று பார்க்க.

மாமா: எதை?

கதிர்: எதிர் வீட்டுப் பல்கனியை.

(மாமா சற்று நேரம் தேநீரைப் பார்க்கிறார். பால்மாத் தேநீர், சீனி தூக்கல்.)

மாமா: நிலம் எத்தனை பேர்ச்?

கதிர்: நிலம் தனியாக வராது. இது கொண்டோமினியம். 1973 இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம் வீட்டுக்கு நம் பெயரில் தனி உறுதி. நிலம், படிக்கட்டு, லிப்ட், மொட்டைமாடி எல்லாவற்றிலும் எல்லோருக்கும் பிரிக்காத பங்கு.

மாமா: படிக்கட்டில் பங்கா? எந்தப் படி என்னுடையது? மற்றவன் அதை மிதிக்காமல் தாண்டிப் போவானா?

கதிர்: அப்படியில்லை மாமா. வெளிநாட்டவர்களே வாங்குகிறார்கள். நான்காம் மாடியிலிருந்து மேலே அவர்கள் வாங்கலாம் என்று 2014 இல் போட்ட சட்டமே இடம் கொடுத்தது.

மாமா: 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு எங்கள் அப்பாவை இந்த நாட்டுக்காரன் இல்லை என்றார்கள். நான்காம் மாடிக்கு மேல் கிடைக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மனிதர் அழாமல் ஒன்றைப் பிடித்துப் போட்டிருப்பார். விலை?

கதிர்: நான்கு கோடி.

(இந்த இடத்தில் கணக்காளன் மாமாதான். விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறார்.)

மாமா: நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வை. அதையே 2021 இல்தான் கொடுத்தார்கள், போகட்டும். நாற்பதாயிரம் நாள். வருடத்துக்கு முன்னூறு நாள் வேலைக்குப் பெயர் விழுந்தால் நூற்று முப்பத்து மூன்று வருடம். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை போட்டபோது, பக்கத்தில் நின்று மண்வெட்டி பிடித்தவன் அன்றே ஆரம்பித்து, ஒரு வேளையும் சாப்பிடாமல் சேர்த்திருந்தால், 2000 இல் சாவி கைக்கு வந்திருக்கும்.

கதிர்: அதனால்தான் மாமா... வாங்கப் போவதில்லை. வாடகைக்கு.

மாமா: உறுதி, படிக்கட்டுப் பங்கு என்றெல்லாம் சொன்னாயே?

கதிர்: அது வீட்டுக்காரருக்கு. நமக்கு மாதம் ஒரு இலட்சம் வாடகை. பராமரிப்புக் கட்டணம், வாகனம் நிறுத்தக் கட்டணம், நீச்சல் குளத்துக்கு ஒன்று...

மாமா: சந்தா, கோயில், சலவை, சவரம். சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்தவனுக்கு இதெல்லாம் புதிதா? நீச்சல் தெரியுமா உனக்கு?

கதிர்: தெரியாது. ஆனால் கட்ட வேண்டும். அப்புறம், ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். பன்னிரண்டு இலட்சம். பாதி என்னிடம் இருக்கிறது. மீதிக்கு... உங்கள் சேமலாப நிதி...

(மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது. மாமா தொலைபேசியை வாங்கித் துண்டால் துடைத்து, வீட்டின் வரைபடத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோகிறார். கண்ணாடி இல்லாதவருக்கு இப்போது எல்லாம் தெரிகிறது.)

மாமா: குசினிக்குப் பின்னால் தீப்பெட்டி மாதிரி ஓர் அறை. சன்னல் இல்லை. இது யாருக்கு?

கதிர்: பணியாளர் அறை என்று போட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளை தங்க.

மாமா: அளவு?

கதிர்: எட்டடிக்கு ஐந்தடி.

மாமா: நம் லயத்துக் காம்பரா அறை பன்னிரண்டுக்குப் பத்து. துரைமாருக்குக் கொஞ்சம் மனசு இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கிருந்து வரும் மாப்பிள்ளை?

(கதிர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாய் தேநீர் குடிக்கிறான். கோப்பை எப்போதோ காலி.)

கதிர்: அதைச் சாமி அறையாக்கிவிடுவோம் மாமா.

மாமா: ரோதைமுனிக்குக் கொடு. பாக்டரியில் ரோதை சுற்றுகிற இடத்தில் காவல் நிற்கிற சாமி, லிப்டைக் கைவிடாது. முதல் நாள் அதன் முன்னால் ஒரு தேங்காய் உடை.

கதிர்: காவலாளி விடமாட்டான்.

மாமா: அவனுக்கும் ஒரு மூடி கொடு. ஆறு இலட்சம் தருகிறேன். அந்த அறையில் சாமியோடு நானும் இருப்பேன், வருகிற போதெல்லாம். தரகருக்கு ஒரு கேள்வி மட்டும் எழுது. எனக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் பெட்டியை எப்படி இறக்குவார்கள்? லிப்டுக்குள் போகுமா?

கதிர்: மாமா, கல்யாணத்துக்கு வீடு பார்க்கிறோம்!

மாமா: எழுது.

(எழுதுகிறான். மறு நிமிடமே பதில் வருகிறது. வாசித்துவிட்டுத் தயங்குகிறான்.)

கதிர்: படுக்க வைத்தால் போகாதாம். நிமிர்த்தி வைத்தால் போகுமாம்.

மாமா: நிமிர்த்தியா? நாற்பது வருடம் குனிந்தே வெட்டியவன் நான். சம்மதம் என்று எழுது.