எண்ணாத பனையை எப்படிக் காப்பாற்றுவது?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் பதினோரு பனை போய்விட்டது. ஆபீஸ் பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஜேசிபி வந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் வேரோடு சாய்த்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றிவிட்டார்கள். எல்லாம் செங்கல் சூளைக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது குழிகளும் நசுங்கிய குரும்பைகளும்தான் கிடந்தன.

மறுநாள் மனுவோடு போனேன். தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட வேண்டியிருந்தால் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்களே, அந்தத் தைரியம். மனுவை வாங்கியவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்க பதினோரு மரம் நின்னுச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

என்னிடம் இருந்தது பொங்கலன்று மகளை நிறுத்தி எடுத்த ஒரு போட்டோ. அதில் நாலு மரம் தெரிகிறது.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புறம்போக்கில் நிற்கிற மரங்களுக்கென்று கிராமக் கணக்கில் 2சி என்று ஒன்று உண்டு. 2சி பட்டா என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். எங்கள் ஊரில் அந்தக் கணக்கில் இந்தக் கரைப் பனைகள் ஒன்றுகூட ஏறவில்லை. கணக்கில் இல்லாத மரத்தை வெட்டினால் கணக்கில் எதுவும் குறையாது. அப்புறம் யார்மேல் வழக்குப் போடுவது?

அதே பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகச் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இன்று ஊன்றுகிற விதை நுங்கு காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருசம் ஆகும். ஆணா பெண்ணா என்பதே பாளை விட்ட பிறகுதான் தெரியும். விதைக்கு எண்ணிக்கை வைத்திருக்கிறோம், நிற்கிற மரத்துக்கு இல்லை. ரோட்டோரப் புளியமரத்துக்கு மட்டும் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறதே, ஏன்? புளி ஏலம் போகிறது. கண்மாய்க்கரையைப் பிடித்து நிறுத்துகிற வேருக்கு ஏலம் கிடையாது.

சொந்தப் பட்டாவில் பனை வைத்திருப்பவர் பாடு வேறு. ஏற ஆளில்லை. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பதநீரும் சில மாதம்தான். மகள் கல்யாணத்துக்கு மரத்தை விற்கிறவரை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். அவர் அனுமதி கேட்டால் இழுத்தடிக்காமல் பதில் சொல்லட்டும். ஆனால் கண்மாய்க்கரை யாருடைய பட்டாவும் இல்லை, ஊருடையது. அங்கே இந்த இரக்கத்துக்கு இடமில்லை.

மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. நம்மைப் போன்ற சமவெளி ஊர்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். வெட்டினால் என்ன தண்டனை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அது வரும்வரை சும்மா இருக்க முடியாது.

போன வாரம் நாங்கள் ஆறு பேர் கரை நெடுக நடந்தோம். பனையேறி ஓய்ந்த பெரியப்பா ஒருவரும் கூட வந்தார். இடிவிழுந்தான் பனை, ரெட்டைப்பனை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார். சுண்ணாம்பில் நம்பர் போட்டு, ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்தோம். மொத்தம் 143. அந்தப் பதினோரு குழிக்கும் பக்கத்தில் குச்சி ஊன்றி நம்பர் எழுதியிருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானம் கேட்கப்போகிறோம். ஊரில் இருக்கிறவர்கள் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள், கண்மாய்க்கரை தெரிகிற பழைய போட்டோ ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கல்யாண ஆல்பத்தில் இருந்தாலும் சரி.