எல்லாக் கடையிலும் தாவர எண்ணெய்தான் என்பது சரியல்ல

மேலே ஒருவர், "பிரிட்டனில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்குத் துண்டுகளும்) எல்லாமே தாவர எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் யோசிக்காமல் சாப்பிடலாம்" என்று எழுதியிருக்கிறார். லண்டனில் மட்டும் சாப்பிட்டிருந்தால் அப்படித் தோன்றலாம். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். ஆனால் யார்க்‌ஷயர் பக்கம், அதாவது வட இங்கிலாந்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே பழைய வழக்கப்படி பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். பீஃப் டிரிப்பிங் என்பார்கள். அதில்தான் ருசியே இருக்கிறது என்று பெருமையாகப் பலகையிலும் எழுதி வைப்பார்கள்.

அங்கே விட்பி துறைமுகத்தில் ஒரு கடையில் நானே பார்த்தேன். வெண்ணெய்க் கட்டி போல வெள்ளையாக இருந்ததை அப்படியே கொப்பரையில் போட்டார்கள். மீனும் உருளைக்கிழங்கும் அந்தக் கொழுப்பில்தான் வெந்தன. அதனால் "நான் சைவம், சிப்ஸ் மட்டும் போதும்" என்றாலும் தப்ப முடியாது. ஆறிய சிப்ஸின் மேல் லேசாகக் கொழுப்பு உறைந்து நிற்கும்.

அலர்ஜி பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. அங்கே சட்டப்படி தெரிவிக்க வேண்டிய 14 பொருள்களில் மீன், கோதுமை, பால் எல்லாம் உண்டு, மாட்டுக் கொழுப்பு இல்லை. வாயைத் திறந்து கேட்பதுதான் வழி: "டிரிப்பிங்கா, ஆயிலா?" யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தினமும் கேட்கப்படும் கேள்விதான். அப்புறம், மீனைத் தோய்க்கும் மாவில் பீர் கலக்கும் கடைகளும் உண்டு. அது வேண்டாம் என்பவர்கள் அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.